விமானியின் உடுப்பும் என் சலவைச் சீட்டும்

போன சனிக்கிழமை என் கடை கவுண்ட்டரில் ஒரு பெரிய மனிதர் அழுதார்.

சட்டை தொலைந்து போனதற்கு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். பட்டுப் புடவையில் சாயம் போனதற்கு என்னை அழவைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால், கறை போய்விட்டதே என்று ஒருத்தர் அழுது நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் லாண்டரிக்காரன். தி.நகரில் ஒன்று, மயிலாப்பூரில் ஒன்று, அடையாறில் ஒன்று... ஆக மூன்று கடை. படிப்பு ஐந்தாம் கிளாஸ். அதிலும் கடைசி மூன்று மாதம் போகவில்லை. யுத்த காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்து, சைதாப்பேட்டை ஆற்றங்கரையில் சிப்பாய்களின் காக்கியைக் கல்லில் அடித்து ஆரம்பித்தவன். இன்றைக்கு இந்த ஊரில் எந்த டாக்டரை வேண்டுமானாலும் கேளுங்கள், எந்த வக்கீலை வேண்டுமானாலும் கேளுங்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் பட்டு வேட்டியில் சாம்பார் கொட்டினால் அவர்கள் கூப்பிடுவது சாமியை அல்ல, என்னை!

தற்பெருமை என்று எழுதப் போகிறீர்களா? தாராளமாக எழுதுங்கள். போன மாதம்கூட ஒரு வாசகர் அப்படித்தான் கார்டு போட்டிருந்தார். அந்தக் கார்டிலேயே காபிக் கறை இருந்தது.

சரி, அழுதவர் கதைக்கு வருகிறேன். அவர் பெயர் வரதன் என்று வைத்துக்கொள்வோம். மயிலாப்பூர்க்காரர். ஒரு சர்க்கார் ஆபீசில் ஹெட் கிளார்க். வயது ஐம்பதுக்கு ஒன்றிரண்டு குறைச்சல். அதிர்ந்து பேசத் தெரியாதவர். திங்கட்கிழமை காலை ஒரு மூட்டையைக் குழந்தையைத் தூக்கி வருவது மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தி.நகர் கடைக்கு வந்தார். பிரித்தார். உள்ளே காக்கியில் ஒரு உடுப்பு. சட்டையும் கால்சட்டையும் தனித்தனியாக இல்லை, ஒட்டித் தைத்திருந்தது. கைக்குழந்தைக்குப் போடுவார்களே, அது மாதிரி — ஆறடி ஆளுக்கு.

அதில் எனக்குப் பிடிபடாத சமாசாரம் ஒன்று இருந்தது. பாக்கெட் இரண்டும் முழங்காலுக்குக் கீழே.

"என்ன சார் இது? பஸ்ஸுக்குச் சில்லறை எடுக்கணும்னா தோப்புக்கரணம் போடணுமா?" என்று கேட்டேன்.

"அண்ணாச்சி, இது பைலட் டிரஸ். உட்கார்ந்துண்டு ஓட்டறவாளுக்கு இடுப்புப் பாக்கெட்ல கை போகாது. அதனால மேப்பு, பென்சில் எல்லாம் காலாண்ட வெச்சுப்பா. யுத்தத்துல நெஜமாவே போட்டுண்டது. ஒரிஜினல்!"

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். யுத்த காலத்து மிலிட்டரி உடுப்பு, விமானத்தில் போட்டுக்கொள்ளும் தோல் தொப்பி, கண்ணாடி, கையுறை — இதையெல்லாம் தேடித்தேடிச் சேர்க்கிற கூட்டம் ஒன்று அடையாறில் இருக்கிறதாம். ஐந்து பேர். எல்லாரும் கம்பெனி ஆபீசர்கள், கார் வைத்திருக்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் கூடுகிறார்கள். வரதன் இரண்டு வருஷமாக பஸ் பிடித்துப் போய் ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு வருகிறார். மெம்பராகச் சேர்க்கவில்லை. ஏனென்றால் அங்கே ஒரு சட்டம். யுத்தத்தில் போட்ட உடுப்பு ஒன்றாவது சொந்தமாக இருந்தால்தான் மெம்பர்.

இப்படியும் மனிதர்கள் இருப்பார்களா? இருக்கிறார்கள். நான் வெள்ளைக்காரச் சிப்பாயின் வியர்வையைத் துவைத்துப் போக்கி மூன்று கடை வைத்தேன். இவர்கள் அந்த வியர்வை போகாமல் இருக்கிறதா என்று மோந்து பார்த்து வாங்குகிறார்கள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை என் டிரஸ்ஸைக் காட்டறேன் அண்ணாச்சி. கரப்பான் வாசனை போகணும், தூசு போகணும். அப்புறம்..." என்று இடது மார்பைத் தொட்டுக் காட்டினார். உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாக ஒரு கறை. "இதுதான் ரொம்ப முக்கியம். இதை ஜாக்கிரதையாப் பார்த்துக்கணும்."

"கவலையை விடுங்க சார். இதை நானே என் கையால பார்க்கிறேன்."

எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. வாடிக்கைக்காரர் ஒரு கறையைத் தொட்டுக் காட்டினால், அதைச் சுற்றிச் சிவப்பு நூலில் நாலு தையல் போட்டுவிடுவோம். உள்ளே கறை எடுக்கிற ஆளுக்கு அது உத்தரவு. மற்ற இடம் எப்படியோ, இந்த இடத்தை விடாதே என்று அர்த்தம். வரதன் கண் எதிரிலேயே ஊசி எடுத்து நானே அந்த நாலு தையலையும் போட்டேன்.

அவர் கும்பிட்டார். "இவ்வளவு சிரத்தையாப் பண்றேளே அண்ணாச்சி!"

கறையைப் பத்திரப்படுத்த நான் வேலி கட்டுகிறேன் என்று அவர் நினைத்திருக்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? முப்பது வருஷத்தில் கறையைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி என் கடைக்கு யாராவது வந்திருக்கிறார்களா?

கறை எடுப்பதில் என் வலது கை காதர் பாய். ராயப்பேட்டை ஆள். என்னிடம் இருபது வருஷமாக இருக்கிறார். இரண்டு பேரும் மல்லுக்கட்டினோம். உப்புத் தண்ணீர் போட்டோம், அசையவில்லை. அமோனியா போட்டோம், அதற்கும் அசையவில்லை. காதர் பாய் கறையை நகத்தால் சுரண்டினார். மூக்கருகே கொண்டு போனார். கண்ணை மூடிக்கொண்டு, அத்தர் பார்ப்பது போல ஒரு இழுப்பு.

"மொதலாளி, இது வெத்தலை எச்சிலு. சுண்ணாம்பு தூக்கலாக் கீது."

"முப்பது வருஷத்துக்கு முந்தினதுய்யா!"

"அத்தொட்டுத்தான் இம்மாம் முரண்டு பண்ணுது. புளிச்ச தயிரு கொண்டாரச் சொல்லு மொதலாளி, நான் பாத்துக்கிறேன்."

புளித்த தயிர், எலுமிச்சம் பழம், மொட்டை மாடி வெயில். மறுபடியும் தயிர், மறுபடியும் வெயில். நாலு நாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த இடத்தில் கறை இருந்ததற்கு அடையாளமே இல்லை. சிவப்பு நூலைப் பிரித்துவிட்டு நானே பெட்டி போட்டேன். மடிப்பு ஒவ்வொன்றும் கத்தி!

சனிக்கிழமை வரதன் வந்தார். கவுண்ட்டரில் அந்த உடுப்பை விரித்துப் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பாராட்டு வாங்க நான் எப்போதும் அப்படித்தான் நிற்பேன்.

அவர் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடியும் திருப்பினார்.

"எங்கே?"

"எது சார்?"

"கறை."

"போயே போச்சு!" என்றேன், கடை முழுக்கக் கேட்கிற மாதிரி.

வரதன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. ஜாக்கெட் வாங்க வந்திருந்த ஒரு அம்மாள் பயந்து போய் ரசீதைக் கீழே போட்டுவிட்டாள்.

"அது ரத்தம் அண்ணாச்சி! வெள்ளைக்காரப் பைலட்டோட ரத்தம்! நெஞ்சுல குண்டு பட்டு, ஒத்தைக் கையால பிளேனை ஓட்டிண்டு வந்து, பாலவாக்கம் கடற்கரையில இறக்கினானாம். இதை வித்தவன் சத்தியம் பண்ணிச் சொன்னான்."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. யுத்த காலத்தில் நான் சைதாப்பேட்டையில்தான் கிடந்தேன். பாலவாக்கத்தில் ஒரு பிளேன் இறங்கியிருந்தால் அதன் டயரைக் கழற்ற முதல் ஆளாக ஓடியிருப்பேன். ஆனால் அடுத்து அவர் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"எட்டு வருஷம் காத்துண்டிருந்து வந்த ஸ்கூட்டர் அண்ணாச்சி. டெலிவரி எடுத்த அன்னிக்கே அதை அவன்கிட்டக் கொடுத்துட்டு இதை வாங்கிண்டேன். ஆத்துல இன்னும் நம்பர் வரலைன்னு நினைச்சுண்டிருக்கா."

யோசித்துப் பாருங்கள். இந்த ஊரில் பிள்ளை பிறந்த வருஷம் ஸ்கூட்டருக்குப் பெயர் கொடுத்தால், அவன் மூன்றாம் கிளாஸ் போகும்போது வண்டி வருகிறது. அப்படி வந்த வண்டியைக் கொடுத்து ஒரு மனிதன் வாங்கியது ஒரு கறை. அந்தக் கறையை நான் தயிர் விட்டு எடுத்துவிட்டேன்.

"நாளைக்குப் பத்து மணிக்குக் காட்டணும். யுத்தத்துல நெஜமாவே பிளேன் ஓட்டின ஒருத்தர் பெங்களூர்லேர்ந்து வரார். ரத்தக் கறைன்னு கிளப் பிரசிடெண்ட் அவருக்கு லெட்டரே போட்டுட்டார். அண்ணாச்சி... அதைத் திருப்பிப் போட்டுக் கொடுத்துடுங்கோ."

"எதை?"

"கறையை."

நான் எத்தனையோ கேட்டிருக்கிறேன். இதை மட்டும் கேட்டதில்லை. "சார், என் கடைக்குள்ள கறை வரும். கடையை விட்டு வெளிய போனதில்ல. அதை மட்டும் என்கிட்டக் கேக்காதீங்க" என்றேன்.

காதர் பாய் உள்ளே இருந்து தலையை நீட்டினார். "சைதாப்பேட்டை மார்க்கெட்ல ஆட்டு ரத்தம் கிடைக்கும் சார். ஒரு எட்டு போய் வாங்கியாரட்டா?"

வரதன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"பாய், வாயை மூடு!" என்று அதட்டிவிட்டு உண்மையைச் சொன்னேன். "சார், வருத்தப்படாதீங்க. அது ரத்தமே இல்ல. வெத்தலைக் கறை."

"வெள்ளைக்காரன் வெத்தலை போடுவானா?"

"அத்தத்தான் நானும் கேக்குறேன்" என்றார் காதர் பாய். அந்த நேரத்திலும் அவர் கன்னத்தில் ஒரு வெற்றிலைப் பொட்டலம் அடங்கியிருந்தது. "பழையபடி அதே கறை வோணும்னா சொல்லு சார். இப்பவே ரெடியாக் கீது..." என்று உடுப்பின் மேல் குனிந்தார்.

வரதன் பாய்ந்து அதை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி நின்றார். "நாளைக்கு நீங்களே வந்து சொல்லிடுங்கோ அண்ணாச்சி. எனக்கு வாய் வராது."

வருகிறேன் என்றேன். கார் வைத்திருக்கிற ஐந்து பேருக்கெல்லாம் பயப்படுகிறவனா நான்? என்னிடமும் கார் இருக்கிறது. சாட்சிக்குக் காதர் பாயையும் ஏற்றிக்கொண்டேன்.

அடையாறில் அந்த பங்களா ஹாலைப் பார்க்க வேண்டுமே! வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. உள்ளே ஐந்து கனவான்கள் தோல் தொப்பி மாட்டி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு காபி குடிக்கிறார்கள். தொப்பி காதை அடைப்பதால் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. "சர்க்கரை போதுமா?" என்று ஒருத்தர் கத்தினால், "நாப்பத்தி மூணாம் வருஷத்து மாடல்!" என்று இன்னொருத்தர் பதிலுக்குக் கத்துகிறார். மூலையில் ஜவுளிக்கடைப் பெண் பொம்மை ஒன்றுக்கு விமானப்படைக் கோட்டு மாட்டி, மீசை வரைந்து வைத்திருந்தார்கள். மீசைக்குக் கீழே அது பாட்டுக்குப் புடவை விளம்பரச் சிரிப்பு சிரித்துக்கொண்டிருந்தது.

பெங்களூரிலிருந்து வந்திருந்தவர் பூர்வீகத்தில் கோயமுத்தூர்ப் பக்கத்து மனிதர். ஒல்லியாக, வெள்ளைச் சட்டை, ரப்பர் செருப்பு. அந்த ஹாலில் தொப்பி போடாமல் உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருத்தர்தான். ஆகாயத்தில் பறந்தவரும் அவர் ஒருத்தர்தான். மற்ற ஐந்து பேரும் மீனம்பாக்கம் போய் யாருக்கோ கையாட்டியதோடு சரி.

வரதன் மேஜை மேல் உடுப்பை விரித்தார். பிரசிடெண்ட் — கனத்த சரீரம், அதைவிடக் கனத்த குரல் — குனிந்து தேடினார்.

"மிஸ்டர் வரதன், வேர் இஸ் தி பிளட்?"

வரதன் திரும்பி என்னைப் பார்த்தார். நான் முன்னால் போனேன்.

"நான்தான் சார் எடுத்தேன். அது ரத்தம் இல்ல. வெத்தலை எச்சில்."

ஒரு மெம்பர் தொப்பியைக் கழற்றிவிட்டு, "என்ன சொன்னார்?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். சொன்னதும் மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஸோ, இதை வெள்ளைக்காரன் போட்டதே இல்லை. யுத்தத்துக்கே போகாத உடுப்பு" என்றார் பிரசிடெண்ட். "ஐ ஆம் சாரி, மிஸ்டர் வரதன். அடுத்த வருஷம் பார்க்கலாம்."

வரதன் உடுப்பை மடிக்க ஆரம்பித்தார். அவர் மடித்த வேகத்தில் நான் போட்ட மடிப்பெல்லாம் கலைந்தது. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. மூன்று கடை வைத்து என்ன பிரயோஜனம்? ஒரு மனிதனுடைய எட்டு வருஷத்தை அலசி ஊற்றிவிட்டு நிற்கிறேன்.

"கொஞ்சம் அதை இப்படிக் கொடுங்க" என்றார் பெங்களூர்க்காரர். மடியில் போட்டுக்கொண்டார். பட்டன்களைத் தடவினார். கால் பாக்கெட்டுக்குள் கையை விட்டுச் சும்மா வைத்திருந்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, வெத்தலைதான்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுங்களா?"

"நானும் பாயும் ஒரு கறையைத் தப்பாச் சொன்னதா சரித்திரமே கிடையாதுங்க."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பர்மாப் பக்கம் இருந்தப்போ என்ற ரூம்ல ஒரு பையன் இருந்தானுங்க. தஞ்சாவூர்க்காரன். பிளேன்ல ஏறும்போதே வாய் நிறைய வெத்தலையோட ஏறுவான். ஏறிட்டான்... மேல போய் எங்கீங்க துப்புறது? இறங்கி வர்றப்ப நெஞ்செல்லாம் செவப்பா இருக்கும். அடிபட்டுட்டான்னு ஸ்ட்ரெச்சர் தூக்கிட்டு ஓடுவோமுங்க!"

இந்தத் தடவை ஐந்து தொப்பியும் இறங்கின.

"இது அவனுதுன்னு நான் சொல்ல வரலீங்க. ஆனா வெள்ளைக்காரன் போட்டது உங்க எல்லார்கிட்டயும் இருக்குது. நம்ம பையன் போட்டது யார்கிட்டயாவது இருக்குதுங்களா?"

பிரசிடெண்ட் மற்ற நாலு பேர் முகத்தையும் பார்த்தார். யாரிடமும் இல்லை.

"மை காட்... மெட்ராஸிலேயே ஒண்ணே ஒண்ணு!" என்று எழுந்தார். அடுத்த நிமிஷம் என் பக்கம் திரும்பினார். "ஏன் சார், உங்களுக்கு அறிவு இருக்கா? அந்தக் கறையை எதுக்கு எடுத்தீங்க?"

பாருங்கள் நியாயத்தை! ரத்தம் இல்லை என்றதும் குப்பை. வெற்றிலை என்றதும் பொக்கிஷம். இரண்டு தடவையும் குற்றவாளி லாண்டரிக்காரன்.

பத்து நிமிஷம் முன்னால் யாரும் தொடாத உடுப்பின் மேல் ஐந்து தலையும் கவிழ்ந்தன. மருந்துக் கம்பெனி மேனேஜர் ஒருத்தர் பையிலிருந்து சாவியை எடுத்து மேஜையில் வைத்தார். "வரதன், எனக்குக் கார் போதும். என் ஸ்கூட்டர் வாசல்ல நிக்குது. போன வருஷம் எடுத்தது. நீங்க ஓட்டிக்கிட்டுப் போங்க, இதை எனக்குக் கொடுங்க."

வரதன் சாவியைப் பார்த்தார். நான் வரதன் வீட்டு அம்மாளை நினைத்துக்கொண்டு அவர் விலாவில் ஒரு இடி இடித்தேன். எடுத்துக்கொள்ளும் ஐயா!

"தர மாட்டேன்" என்றார் வரதன். அந்த ஹாலில் அவர் உரக்கப் பேசியது அதுதான் முதல் தடவையாம். பிரசிடெண்டே சொன்னார்.

அங்கேயே, நின்ற நிலையிலேயே, அவரை மெம்பராகச் சேர்த்தார்கள். ஆனால் ஒரு சிக்கல். கறைதான் அத்தாட்சி. கறை இல்லை. நாளைக்கு யாராவது கேட்டால் எதைக் காட்டுவது? ஐந்து பட்டதாரிகள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். கறை இருந்தது என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பில் புத்தகம் இல்லாமல் நான் வாசல்படி தாண்டுவதில்லை. எடுத்தேன். எழுதினேன். 'காக்கி உடுப்பு ஒன்று. இடது மார்பில் வெற்றிலைக் கறை ஒன்று. எடுத்தாயிற்று.' கீழே கையெழுத்து.

"விமானியின் வெற்றிலைக் கறைன்னு போடுங்க" என்றார் பிரசிடெண்ட்.

"என்ன கறைன்னு சொல்லத்தான் எனக்குத் தெரியும் சார். யாரு கறைன்னு சொல்றதுக்கு என் கடையில ஆள் இல்ல."

முறைத்தார். ஆனால் வாங்கிக்கொண்டார். அந்தச் சீட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு உடுப்புக்குப் பக்கத்தில் மாட்டப் போகிறார்களாம். அந்தச் சுவரில் ஏற்கெனவே பிரசிடெண்டின் பட்டங்கள் தொங்குகின்றன. ஐந்தாம் கிளாஸ்காரன் எழுத்து அவற்றுக்கு நடுவில் வரப் போகிறது. இதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை... சரி, அதற்காகத்தான் சொல்கிறேன்.

கிளம்பும்போது வரதன் தலையில் யாரோ ஒரு தோல் தொப்பியை மாட்டிவிட்டிருந்தார்கள். போய்வருகிறேன் என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. முகம் மட்டும், சாயம் போகாத பட்டு மாதிரி, மின்னிக்கொண்டிருந்தது.

காரில் சைதாப்பேட்டை வரைக்கும் காதர் பாய் வாயைத் திறக்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. பாலம் ஏறியதும் ஆரம்பித்தார்.

"மொதலாளி, ஒண்ணு சொல்லட்டா? சண்டை முடிஞ்சதும் இந்த மாதிரி டிரஸ்ஸெல்லாம் மூட்டை மூட்டையா ஏலத்துக்கு வந்திச்சு. எங்க மாமு ஒண்ணு எடுத்து ஆறு வருஷம் போட்டுக்கினு இருந்தாரு. லாரி கிளீனரு. காலாண்ட இருந்த ரெண்டு பாக்கெட்லயும் வெத்தலைதான் வெச்சிக்கினு இருப்பாரு. நாஸ்டா துன்றதுக்கு மட்டுந்தான் வாய் காலியாகும்..."

"பாய், வரதன் சார் மெம்பர் ஆனாரா, இல்லையா?"

"ஆயிட்டாரு."

"அப்போ கார்க் கண்ணாடியை ஏத்திட்டுப் பேசாம வா."

ஏற்றிவிட்டார். இதைப் படித்துவிட்ட நீங்களும் ஏற்றிவிடுங்கள்... வெளியே விடாதீர்கள்!